தோட்டத்துக்குக் கிளி வருகிறது: தீனி வைப்பதா, கம்பிக்கூண்டு மாட்டுவதா, நிறுத்திவிடுவதா?

லண்டனில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, ஃபீடர் மாட்டினேன். முதல்ல சிட்டுக்குருவி, ராபின், ப்ளூ டிட் எல்லாம் வந்துச்சு. இப்போ பச்சைக்கிளி மட்டும்தான். கிளி வர்றது சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா மத்ததெல்லாம் எங்கே போச்சு? என்ன செய்யட்டும்?"

கேட்பவர்களில் பலருக்குக் கிளியை விரட்ட மனசு வராது. அது எனக்குப் புரிகிறது. மீனாட்சி கையில் கிளியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, ஜனவரிக் குளிரில் இலை உதிர்ந்த மரத்தில் ஒரு கிளி வந்து கத்தினால் மனம் துள்ளத்தான் செய்யும். ஆனால் கிளி பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. நீங்கள் தீனி வைத்தாலும் வைக்காவிட்டாலும் லண்டன் கிளி பிழைத்துக்கொள்ளும். உங்கள் முடிவால் மாறப்போவது, அதே தோட்டத்தில் வேறு எந்தப் பறவை வயிறு நிறையப் போகிறது என்பதுதான்.

## இந்தக் கிளி எப்படி இங்கே வந்தது

இது நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளிதான். ஆனால் நேராக நம் ஊரிலிருந்து வந்ததில்லை. ஐரோப்பாவில் இப்போது காட்டுப்பறவையாக வாழும் கிளிகளின் மரபணுவைப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றின் மூதாதை பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தது என்று தெரிந்தது. இமயமலை அடிவாரக் குளிரைத் தாங்கிய பரம்பரைக்குத் தெற்கு இங்கிலாந்தின் குளிர்காலம் பெரிய சோதனையாக இருக்கவில்லை.

ராக் இசைக்கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1960-களில் லண்டன் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார், அதிலிருந்துதான் இவை பெருகின என்று ஒரு கதை உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய பதிவுகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்து, 2019-இல் அந்தக் கதைக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். உண்மை அதைவிடச் சாதாரணமானது. கூண்டுப் பறவை வியாபாரம் நடந்த காலமெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளிகள் தப்பின, சிலர் வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள். 1855-இல் நார்ஃபோக்கில் கூடு கட்டியதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் நிலையாக வேரூன்றியது 1969-இல் கென்ட் பக்கம் தொடங்கி. 1983-இல் பிரிட்டனின் பறவைப் பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. இன்று ஏறக்குறைய 12,000 ஜோடி இனப்பெருக்கம் செய்வதாக மதிப்பிடுகிறார்கள். பர்மிங்ஹாம், மான்செஸ்டர் தாண்டி, கிளாஸ்கோவின் விக்டோரியா பூங்காவரை போய்விட்டன. ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப்பறவை இறக்குமதியை 2005-இல் தற்காலிகமாகவும், 2007-இல் நிரந்தரமாகவும் நிறுத்தியது. அதற்குள் இவை இங்கே தாமாகவே பெருகத் தொடங்கியிருந்தன.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். சின்னப் பறவைகளுக்குச் சாப்பிட வழி இருக்கிறதா, அது முதலாவது. தீனிக்கும் சாமானுக்கும் மாதாமாதம் ஆகும் செலவு இரண்டாவது. மூன்றாவது நோயும் எலியும். நான்காவது அக்கம்பக்கத்தாரும் பழமரங்களும். ஐந்தாவது சட்டம்.

ஆறாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை: நீங்கள் இருக்கும் ஊரில் கிளி ஏற்கெனவே நிறைந்துவிட்டதா, இல்லை இப்போதுதான் வரத் தொடங்குகிறதா? கடைசியில் முடிவை மாற்றுவது பெரும்பாலும் இதுதான்.

## வழி 1: திறந்த ஃபீடரை அப்படியே விடுவது

கிளியைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது சுலபமான வழி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஆனால் கிளி எப்படிச் சாப்பிடுகிறது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ப்ளூ டிட் வரும், ஒரு விதையை எடுக்கும், கிளைக்குப் பறந்துபோய்க் காலடியில் வைத்துக் கொத்தும், திரும்ப வரும். அதனால் ஒரு ஃபீடரில் பத்துப் பறவை மாறி மாறிச் சாப்பிட முடியும். கிளி அப்படி இல்லை. அலகால் கம்பியைக் கவ்வி ஏறும், தலைகீழாகத் தொங்கும், வசதியாக ஒரு காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே இருந்து சாப்பிடும். இன்னொரு கிளி வந்தால் சண்டை, கத்தல். எடை 120 கிராம் அளவு. ப்ளூ டிட்டின் எடை 11 கிராம்தான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தோட்டத்து ஃபீடர் பக்கத்தில் கூண்டில் ஒரு கிளியை வைத்தும், வேறொரு நேரம் மரங்கொத்தியை வைத்தும், வெறும் கூண்டை வைத்தும் பார்த்த லண்டன் ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. கிளி பக்கத்தில் இருந்தபோது மற்றப் பறவைகள் சாப்பிட்டது குறைந்தது, அக்கம்பக்கம் பார்த்து மிரண்டது கூடியது. மரங்கொத்தியைக் கண்டு அந்த அளவுக்கு மிரளவில்லை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: கிளி ஏற்கெனவே சகஜமாகிவிட்ட பகுதிகளில் உள்ளூர்ப் பறவைகளுக்குக் கொஞ்சம் பழகிப்போயிருக்கிறது. அதாவது இது தீராத கேடு என்றும் சொல்ல முடியாது, ஒன்றுமே இல்லை என்றும் தள்ள முடியாது.

கண்ணில் படாத செலவு தீனியில் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வரும் என்று நினைத்த சூரியகாந்திப் பருப்பு, கூட்டம் வந்தால் ஒரு காலைப்பொழுதுக்குக்கூடப் போதாது. பிளாஸ்டிக் ஃபீடராக இருந்தால் துளையைச் சுற்றிக் கடித்துப் பெரிதாக்கிவிடும். சிந்துவதைத் தின்னப் புறா வரும், இரவில் எலி வரும். எலி வந்த பிறகு பக்கத்து வீட்டாரிடம் பேசுவது கிளியைப் பற்றிப் பேசுவதைவிடக் கஷ்டம்.

காக்கைக்கு வைக்கிற பழக்கத்தில் கிளிக்கும் சோறு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். உப்பும் எண்ணெயும் சேராத வெறும் சோறு ஒரு கை வைத்தால் பறவைக்குக் கெடுதல் இல்லை. தாளித்த மிச்சத்தை வைக்காதீர்கள். எதை வைத்தாலும் இருட்டுவதற்குள் மீதியை எடுத்துவிடுங்கள்.

## வழி 2: கம்பிக்கூண்டு போட்ட ஃபீடர்

லண்டனிலும் சர்ரேயிலும் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நடுவில் விதைக்குழாய், சுற்றிலும் கம்பிக்கூண்டு. கம்பிச் சதுரம் 4 செ.மீ. அளவில் இருந்தால் ப்ளூ டிட், கிரேட் டிட், ராபின், சிட்டுக்குருவி உள்ளே போய்விடும். கிளியும் புறாவும் சாம்பல் அணிலும் போக முடியாது. சாம்பல் அணிலும் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான், ஆக ஒரே கூண்டில் இரண்டு பிரச்சினைக்கு வழி கிடைக்கிறது.

வாங்கும்போது எல்லோரும் சதுரத்தின் அளவை மட்டும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், வெளிக்கம்பிக்கும் உள்ளே இருக்கும் விதைக்கும் நடுவில் உள்ள தூரம். கிளிக்கு உடம்பு உள்ளே போக வேண்டியதில்லை, தலையும் கழுத்தும் போனால் போதும். ஒட்டிச் செய்த மலிவுக் கூண்டுகளில் கிளி வெளியே தொங்கியபடியே எட்டி எடுத்துவிடும். கையை நீட்டி அளந்து பாருங்கள்: நான்கு பக்கமும் ஒரு உள்ளங்கை அகலமாவது இடைவெளி வேண்டும். அடித்தட்டையும் பாருங்கள். பக்கமெல்லாம் சரியாக இருந்து, அடியிலிருந்து எட்டுகிற மாதிரிச் செய்த கூண்டுகளும் விற்கின்றன. கம்பி கெட்டியாக இருக்க வேண்டும், மூடி இரும்பில் இருக்க வேண்டும். கிளிக்குக் கொக்கியைக் கழற்றத் தெரியும்.

மாட்டிய முதல் சில நாட்களுக்கு ஒரு பறவையும் வராது. உடனே கழற்றிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு புதரோ வேலியோ இருக்கிற மாதிரி மாட்டினால் சின்னப் பறவைகளுக்குச் சீக்கிரம் தைரியம் வரும்.

இதற்கும் ஒரு விலை உண்டு, அது பணம் மட்டும் இல்லை. 4 செ.மீ. சதுரத்தில் ஸ்டார்லிங் நுழையாது, மரங்கொத்தி நுழையாது. ஸ்டார்லிங் நம் மைனாவின் சொந்தக்காரப் பறவை. பிரிட்டனில் மிகவும் குறைந்துபோய் ஆபத்துப் பட்டியலில் சிவப்புப் பிரிவில் இருக்கிறது. உங்கள் பகுதியில் அது வந்துகொண்டிருந்தால், அதற்காகத் தரையை ஒட்டி ஒரு கம்பிக்கூடை கவிழ்த்து, அடியில் கொஞ்சம் உலர் புழு வைக்கலாம். ஓரத்தில் ஸ்டார்லிங் நடந்து நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விடுங்கள்.

சுத்தம் இன்னொரு வேலை. கூண்டுக்குள் கை விட்டுக் கழுவுவது தொல்லைதான். ஆனால் விட்டுவிடக் கூடாது. ட்ரைக்கோமோனோசிஸ் என்ற தொண்டை நோய் 2005-இலிருந்து கிரீன்ஃபிஞ்ச் பறவைகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. 2021-இல் அதுவும் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. எச்சில் பட்ட தீனி, தண்ணீர் வழியாகப் பரவும் நோய் இது. பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை 2025-இல் நிறுத்தி வைத்ததற்கு இந்தக் கவலைதான் காரணம். வாரம் ஒரு முறையாவது கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், அவ்வப்போது இடத்தையும் மாற்றுங்கள்.

மிளகாய்த்தூள் தூவினால் கிளி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பறவைக்குக் காரம் உறைக்காது. கிளி மிளகாய் தின்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? அணில் வேண்டுமானால் ஓடும்.

## வழி 3: தீனியை மாற்றுவது, அல்லது நிறுத்திவிட்டுச் செடி வைப்பது

கிளிக்கு மிகவும் பிடித்தவை சூரியகாந்தி, வேர்க்கடலை, கொழுப்பு உருண்டை, பழம். இவற்றை நிறுத்தி, நைஜர் என்ற பொடி விதையை அதற்கான மெல்லிய துளைக் குழாயில் வைத்தால் கோல்ட்ஃபிஞ்ச் வரும், கிளிக்கு அவ்வளவு ஆர்வம் இருக்காது. ஆனால் டிட் பறவைகளும் அதைப் பெரிதாகத் தொடாது.

முற்றிலும் நிறுத்துவதென்றால், அந்தப் பணத்தில் ஹாதோர்ன், ரோவன், ஐவி, டீஸெல் (teasel) என்ற முட்செடி போன்றவற்றை வையுங்கள், ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியும் வையுங்கள். பூச்சி வரும், பூச்சியைத் தேடிக் குருவி வரும். குஞ்சுகளுக்கு டிட் பறவை ஊட்டுவது புழுதான், சூரியகாந்தி இல்லை. பலன் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுதான் இதன் குறை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அவ்வளவு காலம் கிடைக்காமல் போகலாம்.

நிறுத்துவதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. பாரிஸ் புறநகரில் நடந்த ஓர் ஆய்வு, அங்கே கிளிகளின் உணவில் பெரும் பங்கு மனிதர் வைக்கும் ஃபீடர்களிலிருந்தே வருகிறது என்று காட்டியது. குளிர்நாட்டில் இவை நிலைத்து நிற்க நம் வீட்டுத் தீனிதான் கைகொடுத்திருக்கிறது. லண்டனில் ஒருவர் நிறுத்துவதால் கிளிகள் குறையப்போவதில்லை, பக்கத்துத் தெருவுக்குப் போகும். கிளி இப்போதுதான் எட்டிப் பார்க்கும் ஊரில் கதையே வேறு.

பழமரம் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. தீனியை நிறுத்திய தோட்டத்திலும் ஆப்பிள், பேரி, செர்ரியைக் கிளி விடாது. பழுக்கும்வரை காத்திருக்காமல் மொட்டிலேயே தொடங்கிவிடும். மரம் முழுக்க வலை போட்டால் பறவைகள் சிக்கிச் சாகும். அதற்குப் பதில் காய்க்கொத்துகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். சின்ன மரத்துக்கு அது போதும்.

## வழி 4: சுடுவது, பிடிப்பது, வளர்ப்பது

வீட்டுத் தோட்டக்காரருக்கு இது ஒரு வழியே இல்லை. அயல்நாட்டுப் பறவை என்பதால் யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி மற்றக் காட்டுப்பறவைகளுக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. 2010 முதல் இங்கிலாந்தில் இது பொது உரிமப் பட்டியலில், அதாவது தனித்தனியாக விண்ணப்பிக்காமலே கட்டுப்படுத்த அனுமதி உள்ள பறவைகளின் பட்டியலில், சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உரிமம் பயிருக்குப் பெரும் சேதம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும்தான், அதுவும் வேறு வழிகளை முயன்ற பிறகு. காலையில் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது அதில் வராது. பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே தேவைப்படலாம், அவர்கள் உரிம விதிகளைப் படித்துவிட்டு இறங்கட்டும்.

பிடித்துக் கூண்டில் வளர்ப்பதும் கூடாது. காட்டில் இருப்பதைப் பிடிப்பது இங்கே குற்றம். இந்தியாவிலோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளியை வளர்ப்பதே குற்றம்.

பலருக்குத் தெரியாத சிக்கல் ஒன்று: அடிபட்ட கிளியை எடுத்துக் காப்பாற்றினால், குணமான பிறகு உரிமமில்லாமல் மறுபடியும் பறக்கவிட முடியாது. அதே 1981 சட்டம் அயல் பறவையை வெளியில் விடுவதைத் தடுக்கிறது. ஆகவே கையில் எடுப்பதற்கு முன் வனவுயிர் மீட்பு மையத்துக்குப் போன் செய்து, எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | திறந்த ஃபீடர் | கம்பிக்கூண்டு | தீனி நிறுத்திச் செடி | சுடுதல், பிடித்தல் |
|---|---|---|---|---|
| சின்னப் பறவைக்கு | கிளி போனபின் மிச்சம் | நல்லது | மெதுவாக நல்லது | பெரிய மாற்றமில்லை |
| ஸ்டார்லிங், மரங்கொத்திக்கு | போட்டி போட வேண்டும் | நுழைய முடியாது | நல்லது | பெரிய மாற்றமில்லை |
| தொடர்செலவு | மிக அதிகம் | குறைவு | முதலில் மட்டும் | தொடரும் |
| நோய், எலி | அதிகம் | கழுவினால் குறைவு | மிகக் குறைவு | இல்லை |
| அக்கம்பக்கம் | சத்தம், எச்சம் | பெரும்பாலும் தொல்லையில்லை | தொல்லையில்லை | சண்டை நிச்சயம் |
| சட்டம் | தடையில்லை | தடையில்லை | தடையில்லை | உரிமம், நிபந்தனை |

## உங்கள் ஊருக்கு எது

லண்டன், சர்ரே, கென்ட்: கம்பிக்கூண்டு. ஈஷர் போல ஆயிரக்கணக்கில் கிளி வந்து தங்கிய இடங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், திறந்த ஃபீடர் கட்டுப்படியாகாது. கிளியையும் பார்க்க வேண்டும் என்றால் பூங்காவில் மாலையில் போய்ப் பாருங்கள். ரிச்மண்ட் பூங்காவில் கழுத்து வலிக்கப் பார்க்கலாம்.

மாடி ஃப்ளாட், பால்கனி மட்டும்: ஜன்னலில் ஒட்டும் சின்ன ஃபீடர்கள் கிளியின் எடையில் கழன்று விழும். கீழ்வீட்டாரின் பால்கனியில் எச்சம் விழும். இங்கே தீனி வேண்டாம், தொட்டிச் செடியும் தண்ணீரும் போதும்.

கிளி புதிதாக எட்டிப் பார்க்கும் வட ஊர்கள்: இங்கே நான் கண்டிப்பாகச் சொல்வேன், திறந்த ஃபீடரை எடுத்துவிடுங்கள். வேரூன்றிய பிறகு செய்ய முடிவது மிகவும் குறைவு. செஷல்ஸ் நாட்டின் மஹே தீவில் இதே கிளியை முழுதாக ஒழித்தார்கள், அதே நாட்டின் பிரஸ்லின் தீவில் உள்ள கறுப்புக் கிளியைக் காப்பதற்காக. அது ஒரே தீவு, கிளிகள் சில நூறுதான், அதற்கே வருடக்கணக்கில் ஆனது. பிரிட்டனில் இவ்வளவு தூரம் பரவியதை அப்படிச் செய்ய யாராலும் முடியாது.

பக்கத்தில் பழைய ஓக் காடு இருந்தால்: இங்கே பிரச்சினை தீனி இல்லை, பொந்து. மரப்பொந்தில் வாழும் நட்ஹாட்ச் என்ற சின்னப் பறவை ஏப்ரலில் கூடு வைக்கும். கிளி குளிர்காலத்திலேயே பொந்தைப் பிடித்துக்கொள்ளும். பெல்ஜியத்தில் செய்த ஆய்வுகளில் கிளியால் நட்ஹாட்ச் பொந்தை இழப்பது தெரிந்தது. பிரிட்டனில் 2011-இல் வந்த ஆய்வில் நட்ஹாட்ச் எண்ணிக்கை அதனால் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவில் கிளிகள் அரிய பெரிய வௌவால்களைத் தாக்கிப் பொந்தைப் பறித்ததும் பதிவாகியிருக்கிறது. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே பதில் இல்லை. பட்டுப்போன மரத்தையும் பழைய பொந்தையும் ஆபத்தில்லாத வரை வெட்டாமல் விடுங்கள்.

வருவது வேறு கிளியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் வளையம் இல்லாமல், முகமும் மார்பும் சாம்பல் நிறமாக, சுள்ளிகளைக் குவித்துப் பெரிய கூட்டுக்கூடு கட்டினால் அது தென் அமெரிக்காவின் மங்க் பாராகீட். மாட்ரிட், பார்சிலோனாவில் ஆயிரக்கணக்கில் பெருகிய இனம். மின்கம்பத்தில் கூடு கட்டி மின்தடை உண்டாக்குவது ஃப்ளோரிடாவில் பழைய தலைவலி. பிரிட்டனில் இது சிறு எண்ணிக்கையில் இருந்தபோதே அரசு 2011-இலிருந்து அகற்றத் தொடங்கியது. பார்த்தால் அயல் உயிரினங்களுக்கான அரசுச் செயலகத்துக்குப் படத்தோடு தெரிவியுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு கூடுப்பெட்டி மாட்டுங்கள். ப்ளூ டிட்டுக்கு 25 மி.மீ. துளை, கிரேட் டிட்டுக்கு 28, சிட்டுக்குருவிக்கு 32. அந்தத் துளைக்குள் கிளி நுழைய முடியாது. ஆனால் கடித்துப் பெரிதாக்கப் பார்க்கும், அதனால் துளையைச் சுற்றி உலோகத் தகடு வைத்த பெட்டியாக வாங்குங்கள். வடக்கோ கிழக்கோ பார்த்து, பூனை எட்டாத உயரத்தில், பிப்ரவரிக்குள் மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாட்டினால் அந்த வருடத்துக்கு ஜோடி கிடைப்பது சந்தேகம்தான்.